மலைக்கு எந்த அடுப்பு?

கேம்பிங் அடுப்பு வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் அதைக் கையில் தூக்கி எடை பார்க்கிறார்கள். பிறகு விலை. பிறகு, ஒரு லிட்டர் தண்ணீரை எத்தனை நிமிடத்தில் கொதிக்க வைக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் கணக்கு. எல்லாம் தேவைதான், வரிசைதான் தப்பு. முதலில் கேட்க வேண்டியது, போகிற இடத்தில் இந்த அடுப்புக்கு எரிபொருள் கிடைக்குமா என்று. அடுப்பைப் பையில் போட்டு எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். எரிபொருளை அப்படிக் கொண்டுபோக விடமாட்டார்கள்.

சென்னையிலிருந்து லே போகிறவர் விமானம் ஏறினால் கேஸ் கேனிஸ்டரைக் கைப்பையில் வைக்கவும் கூடாது, லக்கேஜில் போடவும் கூடாது. பெட்ரோல் வாடை போகாத பழைய அடுப்பையே விமான நிலையத்தில் எடுத்து வெளியே வைத்துவிடலாம். ரயிலிலும் தடை. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 164, தீப்பற்றும் பொருளோடு பயணம் செய்கிறவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. இது வெறும் ஏட்டுச் சட்டம் என்று நினைப்பவர்களுக்கு மதுரை நினைவிருக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, லக்னோவிலிருந்து வந்து மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்தது. உள்ளே யாத்ரீகர்கள் விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டர் இருந்தது. குறைந்தது ஒன்பது பேர் இறந்தார்கள்.

ஆகவே எரிபொருளைப் போய் இறங்கும் ஊரில்தான் வாங்க வேண்டும். லே, மணாலி, காத்மாண்டு போன்ற மலையேற்ற ஊர்களின் கடைகளில் திருகு கேனிஸ்டர் கிடைக்கும். சிறு மலையூர்களில் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். நம் ஊர் மலைகளுக்குச் சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அதனால்தான் அவர்களுக்குச் சரியான அடுப்பு வேறு, இமயத்துக்குப் போகிறவருக்கு வேறு.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது

கடைகளில் இரண்டு வகை டப்பா உண்டு. ஒன்று, கரப்பான் பூச்சி மருந்து டின் போல நீளமாக இருக்கும். சுமார் 220 கிராம் பியூட்டேன். சூட்கேஸ் மாதிரிப் பெட்டியில் வருகிற கையடக்க அடுப்பில் படுக்கவைத்துப் பொருத்துவது இதைத்தான். மற்றது குட்டையாக, உருண்டையாக, தலையில் திருகு மரையோடு இருக்கும்; 110, 230, 450 கிராம் அளவுகளில் வரும். மரை பொதுவான அளவு என்பதால் ஒரு கம்பெனி பர்னரை இன்னொரு கம்பெனி டப்பாவில் திருகலாம். நீள டப்பாவைத் திருகு அடுப்போடு இணைக்க அடாப்டரும் விற்கிறார்கள். சமவெளியில் அது நன்றாகவே வேலை செய்யும், செலவும் குறையும்.

குட்டை டப்பா விலை கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் கலவை. டப்பாவுக்குள் எரிபொருள் திரவமாக இருக்கிறது. அது ஆவியாகி வெளியே வந்தால்தான் எரியும். பியூட்டேனின் கொதிநிலை சுமார் மைனஸ் அரை டிகிரி. அதற்குக் கீழே குளிர் போனால் திரவம் திரவமாகவே உட்கார்ந்துவிடும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை ஆவியாகும், புரொப்பேன் மைனஸ் 42 வரை. மலையேற்றக் கேனிஸ்டர்களில் இவற்றைக் கலந்து அடைக்கிறார்கள். புரொப்பேனை மட்டும் அடைத்துவிடலாமே என்றால், அதன் அழுத்தத்தைத் தாங்கக் கனமான இரும்பு உருளை வேண்டும். அதை முதுகில் சுமக்க முடியாது.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் காலையில் நீள டப்பா அடுப்பைப் பற்றவைத்தால் தழல் மினுக்மினுக்கென்று இருப்பது இதனால்தான். கூடவே இன்னொரு தொல்லை. திரவம் ஆவியாகும்போது டப்பாவின் சூட்டையே உறிஞ்சிக்கொள்கிறது. பத்து நிமிடம் எரிந்த டப்பாவைத் தொட்டால் சில்லென்றிருக்கும். வெளியில் ஈரம் பூத்து, சில சமயம் வெண்பனியே படிந்திருக்கும். அதனால் காற்று 5 டிகிரி காட்டினாலும் உள்ளே பியூட்டேன் பூஜ்யத்தைத் தொட்டிருக்கலாம். கலவை டப்பாவில் புரொப்பேன் முந்திக்கொண்டு வெளியேறுவதால் பாதி தீர்ந்த டப்பா குளிரில் புது டப்பாவை விட மோசமாக நடந்துகொள்ளும். உயரம் மட்டும் கொஞ்சம் கைகொடுக்கும். 3,000 மீட்டரில் காற்றழுத்தம் குறைவதால் பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 10ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது.

இரவில் டப்பாவை ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொண்டு தூங்குவது மலையேறுபவர்களின் பழைய வழக்கம். காலையில் ஒரு தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி டப்பாவை அதில் நிறுத்தினாலும் போதும். கொதிநீர் கூடாது, தழலில் காட்டவே கூடாது. 50 டிகிரிக்கு மேல் சூடேற்றாதே என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

காரில் போகிறவர்களுக்கு

ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை என்று குடும்பத்தோடு காரில் போய், அனுமதி உள்ள தோட்டத்திலோ முகாமிலோ தங்குகிறவர்களுக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. சூட்கேஸ் அடுப்பே போதும். அகலமான தட்டு, பாத்திரம் ஆடாது, தழலைக் கூட்டிக் குறைக்கலாம், காபியும் போடலாம் சாம்பாரும் வைக்கலாம். ஆள் அதிகம் என்றால் வீட்டு இரட்டை அடுப்பையும் 5 கிலோ சிலிண்டரையும் டிக்கியில் வைத்துக்கொண்டு போவது இன்னும் உத்தமம். இந்தியன் ஆயில் நிறுவனம் ‘சோட்டு’ என்ற பெயரில் அப்படி ஒரு சிலிண்டர் விற்கிறது. முகவரிச் சான்று கேட்பதில்லை. ஆனால் தலையில் பர்னர் பொருத்திய பெயரில்லாத குட்டி சிலிண்டர்களை, பின்தெருக் கடையில் எடை பார்த்து நிரப்பித் தருகிறார்களே, அதன் பக்கம் போகாதீர்கள். வால்வும் வெல்டிங்கும் யார் சோதித்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது. அதேபோல ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போட வேண்டிய கேனிஸ்டரை வீட்டில் மறுபடி நிரப்பும் வித்தைகளும் வேண்டாம்.

சூட்கேஸ் அடுப்பில் நம் சமையலுக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது: தோசைக்கல். பெரிய கல்லை வைத்தால் அதன் ஓரம் டப்பா இருக்கும் அறையின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். இரும்பு தேக்கிவைத்த சூடு கீழே இறங்கி டப்பாவைத் தாக்கும். அழுத்தம் ஏறினால் டப்பாவைத் தானாகக் கழற்றிவிடும் ஏற்பாடு பல அடுப்புகளில் உண்டு. இருந்தும் அதை நம்பி இருபது பேருக்குத் தோசை வார்க்கக் கூடாது. கல்லின் விளிம்பு அடுப்பின் தழல் பக்கத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் விதி. இரண்டு அடுப்புகளை ஒட்டிவைத்து ஒரே அண்டாவை ஏற்றுவதும் இதே காரணத்தால் கூடாது. டப்பாவைப் பொருத்தும்போது அதன் கழுத்திலுள்ள வெட்டு மேல்நோக்கி இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் வளைந்த குழாய் அப்போதுதான் திரவத்துக்கு மேலே நின்று ஆவியை மட்டும் எடுக்கும். தலைகீழாகப் பொருத்தினால் திரவம் நேரே பர்னருக்கு வந்து தழல் ஆளுயரம் எழும்.

முதுகில் சுமப்பவர்களுக்கு

இங்கேதான் கடைக்காரர்களின் பேச்சில் மயங்க வாய்ப்பு அதிகம். மூன்று வகை வைத்திருப்பார்கள். டப்பாவின் தலையில் நேராகத் திருகும் சின்ன பர்னர். 100 கிராம்கூட இராது, உள்ளங்கைக்குள் அடங்கும். இரண்டாவது, உயரமான குவளையும் பர்னரும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் வகை; குவளையின் அடியில் சூட்டை வாங்கும் உலோக மடிப்புகள் இருப்பதால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், கேஸும் மிச்சமாகும். மூன்றாவது, மூன்று கால் விரித்துத் தரையோடு தரையாக நிற்கும் பர்னர். டப்பா ஒரு குழாயின் மறுமுனையில் தள்ளி இருக்கும்.

இரண்டாவது வகையைத்தான் பெரும்பாலும் தூக்கிக் கொடுப்பார்கள். பார்க்க அழகு, வேகமும் நிஜம். பொட்டலத்தில் கொதிநீர் ஊற்றிச் சாப்பிடும் பழக்கம் உள்ள நாடுகளில் அதைவிட நல்லது கிடையாது. ஆனால் அந்தக் குறுகிய குவளையில் சோறு பொங்கினால் அடியில் தீய்ந்து, மேலே அரிசியாகவே கிடக்கும். உப்புமா கிண்ட இடமில்லை. சுக்குக் காபியும் நூடுல்ஸும் மட்டும் போதும் என்பவர்கள் வாங்கலாம்.

உண்மையாகச் சமைக்க நினைப்பவர்களுக்கு மூன்றாவது வகையே என் சிபாரிசு. கால் அகலம் என்பதால் 3 லிட்டர் குக்கரை ஏற்றினாலும் சாயாது. டப்பா தள்ளி இருப்பதால் அடுப்பைச் சுற்றித் தகடு வைத்துக் காற்றை மறைக்கலாம். இந்த வகையிலேயே, பர்னரை ஒட்டி எரிபொருள் குழாய் தழலுக்குள் வளைந்து போகும் மாடல் ஒன்று உண்டு. அதில் தழல் பிடித்த பிறகு டப்பாவைத் தலைகீழாக நிறுத்தலாம். திரவம் அந்தச் சூடான குழாயில் ஆவியாகும். டப்பாவின் குளிர் அப்போது பெரிய தடையாக இராது. அந்தக் குழாய் இல்லாத அடுப்பில் இப்படிச் செய்தால் தீ பிழம்பாக எழும், எச்சரிக்கை. எடை 100, 150 கிராம் கூடும். சுமக்கத் தகுந்த கூடுதல்தான்.

எவ்வளவு கேஸ் எடுத்துப் போவது? காற்றடிக்காத இடத்தில், மூடி போட்ட பாத்திரத்தில், ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 12 முதல் 15 கிராம் வரை ஆகும். இரண்டு பேர், காலையில் காபியும் உப்புமாவும், மாலையில் சோறும் ரசமும் என்றால் நாளுக்கு 60 முதல் 80 கிராம். 230 கிராம் டப்பா மூன்று நாள் வரும். பாதி தீர்ந்த டப்பாவில் எவ்வளவு மிச்சம் என்று குலுக்கிப் பார்த்து ஊகிக்க வேண்டாம். புது டப்பாவைத் தராசில் வைத்து எடையை அதன் மேலேயே மார்க்கரால் எழுதிவிட்டால் பிறகு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

உயரம் போகப் போக இன்னொரு கணக்கு சேர்கிறது. 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை குறையும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியிலேயே தண்ணீர் 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். 3,500 மீட்டரில் 88. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் வேகாது. அடுப்பைக் கூட்டி வைத்துப் பயனில்லை; தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது, கேஸ்தான் தீரும். இமயத்தில் கோவேறு கழுதையில் சுமை ஏற்றிப் போகும் குழுக்கள் பிரஷர் குக்கரை விடாமல் கொண்டுபோவது இதற்காகத்தான். தனியாகப் போகிறவர் உணவையே மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். அவல், சேமியா, வறுத்த ரவை, பருப்புப் பொடி. அவலுக்கு அடுப்பே தேவையில்லை என்பதை எந்த அடுப்புக் கடையிலும் சொல்லமாட்டார்கள்.

பனியில்

உறைந்த உலகில் அடுப்பின் முதல் வேலை சமையல் அல்ல, குடிதண்ணீர். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க மட்டும் ஆகும் வெப்பம், அதே அளவு தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பத்துக்கு ஏறக்குறையச் சமம். உருக்கிக் கொதிக்கவும் வைத்தால் எரிபொருள் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு எவரெஸ்ட் வரலாற்றில் ஓர் இரவு இருக்கிறது. 1952 மே மாதம் சுவிஸ் குழுவின் ரேமோன் லாம்பேரும் டென்சிங் நோர்கேயும் சுமார் 8,400 மீட்டரில் ஒரு சிறு கூடாரத்தில் தங்கினார்கள். ஸ்லீப்பிங் பேக் இல்லை, அடுப்பும் இல்லை. ஒரு மெழுகுவர்த்தித் தழலில் டின்னில் பனியை உருக்கி வாய் நனைத்துக்கொண்டார்கள். மறுநாள் 8,600 மீட்டரை நெருங்கித் திரும்பினார்கள். உயரத்தில் உடல் வறண்டால் கால் நகராது என்பதை உடலியல் ஆய்வாளர் கிரிஃபித் பியூ வலியுறுத்த, 1953 பிரிட்டிஷ் குழு ஆளுக்குத் தினம் பல லிட்டர் நீர் குடிப்பதைத் திட்டத்திலேயே சேர்த்தது. அதற்குத் தக்க அடுப்பும் எரிபொருளும் மேலே போயின. டென்சிங் ஹிலரியோடு உச்சிக்குப் போனது அந்த முறை.

அவர்கள் கொண்டுபோன பிரைமஸ் அடுப்பு நமக்கு அந்நியமான பொருள் அல்ல. 1892இல் ஸ்டாக்ஹோமில் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கியது. அதன் வழிவந்ததுதான் கேஸ் வருவதற்கு முன் நம் வீடுகளில் இரைந்த பம்ப் ஸ்டவ். கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, பர்னர் சூடேறியதும் பம்ப் அடித்தால், மண்ணெண்ணெய் சூடான குழாயில் ஆவியாகி நாசில் வழியே சீறும். நாசில் அடைத்தால் ஸ்டவ் பின் கொண்டு குத்த வேண்டும். இன்று மலையேறுபவர்கள் வாங்கும் திரவ எரிபொருள் அடுப்பும் இதேதான்; தொட்டிக்குப் பதில் அலுமினிய பாட்டில், அதன் வாயில் பம்ப். அழுத்தத்தை நாமே கொடுப்பதால் குளிர் இதை ஒன்றும் செய்யாது. லடாக்கின் குளிர்காலத்துக்கு, மைனஸ் 20க்கு, இதுதான் அடுப்பு.

இந்த வகையில் பல மண்ணெண்ணெய், பெட்ரோல் இரண்டையும் ஏற்கும். மண்ணெண்ணெய் சட்டென்று பற்றாது என்பதால் பாதுகாப்பு கூடுதல். புகையும் கரியும் அதிகம். பெட்ரோல் உடனே பிடிக்கும், அதனாலேயே பயமும் அதிகம். மோட்டார் சைக்கிளில் ஸ்பிட்டி, லடாக் போகிறவர்களுக்கு மட்டும் பெட்ரோல் அடுப்பு இயல்பான தேர்வு. வண்டிக்குப் போடும் எண்ணெயே அடுப்புக்கும் ஆகும். எதுவானாலும் கூடாரத்துக்குள் பற்றவைக்கக் கூடாது. முன்சூடேற்றும்போது தழல் முழ உயரம் எழுவது சகஜம். நைலான் துணிக்கு அதுவே போதும்.

ஸ்பிரிட்டும் சுள்ளியும்

ஸ்வீடனில் 1925 முதல் இருக்கும் டிராங்கியா நிறுவனத்தின் ஸ்பிரிட் அடுப்பைப் பற்றி வெளிநாட்டு நடையர்கள் உருகி உருகிச் சொல்வார்கள். நகரும் பாகமே இல்லாத பித்தளைக் கிண்ணம், பழுதாக எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் அது பொருந்தாது. தொழிற்சாலை ஸ்பிரிட்டும் மெத்தனாலும் இங்கே உரிமம் உள்ளவர்கள் கையாளும் சரக்கு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் எத்தனை குடும்பங்களைச் சாய்த்தது என்று பார்த்த பிறகு அந்தக் கட்டுப்பாட்டைக் குறை சொல்லவும் முடியாது. ஸ்பிரிட் தழல் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது என்பது இன்னொரு தொந்தரவு. எரிகிறது என்று தெரியாமல் மேலே ஊற்றுபவர்கள் உண்டு. ராணுவத்தினர் பயன்படுத்தும் ஹெக்சமைன் வில்லைகள் அவசரத்துக்கு ஒரு டம்ளர் டீ போட உதவும். பாத்திரத்தில் பிசுபிசுப்பும் காற்றில் வாடையும் மிஞ்சும்.

சுள்ளி அடுப்பைப் பற்றி ஒன்றே சொல்லலாம். காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் காலத்திலிருந்தே குற்றம். கேஸ் அடுப்பும் தீதான், வனத்துறை வேண்டாம் என்றால் அதையும் எடுக்கக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைபயணிகள் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காய்ந்த புல்சரிவில் தீ மனிதக் காலை விட வேகமாக ஏறும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நம் மலைகளுக்கு வேகவைத்த உணவைக் கட்டிக்கொண்டு போவதே மேல். கட்டுச்சோறு கட்டத் தெரிந்த ஊர்தானே நம்முடையது.

காற்றும் கூடாரமும்

நல்ல அடுப்பையும் வீணாக்குவது காற்று. மலை முகட்டில் வீசும் சாதாரணக் காற்றிலேயே எரிபொருள் இரண்டு மடங்கு எளிதாகப் போய்விடும். பாறை மறைவில் வையுங்கள், பாத்திரத்துக்கு மூடி போடுங்கள். டப்பாவின் தலையில் திருகிய பர்னரைச் சுற்றி மட்டும் தகடு வளைக்க வேண்டாம். சூடு உள்ளே தேங்கி டப்பா வெடிக்கும். ஒரு பக்கம் மட்டும் மறைத்து, அவ்வப்போது டப்பாவைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் உடனே அணைக்க வேண்டும்.

மழைக்கும் குளிருக்கும் பயந்து அடுப்பைக் கூடாரத்துக்குள் இழுத்துக்கொள்வது எல்லா வயதினரும் செய்கிற காரியம். தீப்பிடிப்பது ஒரு பக்கம். கார்பன் மோனாக்சைடு அதைவிடக் கொடியது. நிறமில்லை, மணமில்லை, தலைவலியும் மயக்கமும் வரும்போது உயர்ந்த மலையின் சோர்வு என்றே நினைக்கத் தோன்றும். பாத்திரம் தழலோடு ஒட்டி உட்கார்ந்தாலும், பனி விழுந்து கூடாரத்தின் காற்றுவழி அடைத்தாலும் அது பெருகும். சமையல் வெளியில், முடியாத மழையென்றால் வாசல் முகப்பில், இரண்டு பக்கமும் திறந்துவைத்து. குளிர் காய அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது எந்த நிலையிலும் கூடாது.

ஒரே ஓர் அடுப்புதான் வாங்கப் போகிறேன் என்பவர்கள், காரில் மட்டும் போவதானால் சூட்கேஸ் அடுப்பு. நடக்கவும் நினைத்தால் குழாய் வைத்த மூன்று கால் அடுப்பு, கூடவே நீள டப்பாவுக்கு ஓர் அடாப்டர். பனிமலை யோசனை இருந்தால் மட்டும் திரவ எரிபொருள் அடுப்புக்குப் போங்கள், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கிப் பம்ப் அடித்துப் பழகுங்கள். எதை வாங்கினாலும் முதல் சமையலை மொட்டை மாடியில் செய்யுங்கள்: ஒரு வேளைச் சோறும் ரசமும், மாடிக் காற்றில். சமைக்கும் முன்னும் பின்னும் டப்பாவை எடை போட்டால், உங்கள் பயணத்துக்கு எத்தனை டப்பா வேண்டும் என்ற கணக்கு அங்கேயே கிடைத்துவிடும். காலி டப்பாவை மலையில் விட்டுவராதீர்கள்.